குகைத் தரையின் பழி ஜூபேட் தலையில்

மவுண்ட் மூன் குகையின் முதல் தளத்தில் எதிர்ப்படும் 100 போக்கிமான்களில் 79 ஜூபேட். மீதியில் 15 ஜியோடூட், 5 பாராஸ், 1 கிளெஃபேரி. பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டையிட வைக்கும் போக்கிமான் வீடியோ கேமின் முதல் தலைமுறைப் பதிப்புகளான ரெட், ப்ளூவின் கணக்கு இது. நாலு அடி வைத்தால் திரை மின்னுகிறது, இசை மாறுகிறது, கண்ணே இல்லாத அந்த நீல வௌவால் மறுபடியும் வந்து நிற்கிறது. தொடரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போக்கிமான்கள் சேர்ந்த பிறகும் எது எரிச்சல் மூட்டும் என்று கேட்டால் பலர் வாயில் முதலில் வருவது ஜூபேட்தான்.

அந்தப் பழியில் பாதிக்கு மேல் அதற்குச் சேர வேண்டியதில்லை. குகைக்குள் காட்டுப் போக்கிமான் எப்படி வருகிறது என்ற விதியைப் பார்த்தால் இது புரியும்.

வெளிப்பாதைகளில் புல்லில் கால் வைத்தால்தான் சண்டை வரும். ரூட் 1-இன் புல்லில் ஒவ்வோர் அடிக்கும் 256-இல் 25 வாய்ப்பு, அதாவது சராசரியாகப் பத்தடிக்கு ஒரு சண்டை. மவுண்ட் மூனில் அதே எண் 256-இல் 10தான். இருபத்தைந்து, இருபத்தாறு அடிக்கு ஒன்று வரும். அடிக்கணக்கில் பார்த்தால் குகை புல்லைவிட இரண்டரை மடங்கு அமைதியான இடம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏன் அப்படித் தோன்றுவதில்லை? வெளியே புல்லைச் சுற்றிக்கொண்டு போகலாம், வேலி ஓரமாக நடக்கலாம், மேட்டிலிருந்து குதிக்கலாம். குகைக்குள் ஒவ்வொரு கட்டமும் புல்தான். ஒதுங்கி நிற்க ஒரு கட்டம்கூடக் கிடையாது. வழி தெரியாமல் முட்டுச்சந்தில் போய்த் திரும்புவது, மூலையில் கிடக்கும் பொருளை எடுக்கப் போவது, ஏணியில் இறங்கித் தப்பான இடத்தில் வந்து சேர்வது எல்லாமே எண்ணிக்கையில் சேரும். முதல் தளத்தில் 200 அடி சுற்றினால் ஏறக்குறைய எட்டுச் சண்டை, அதில் ஆறு ஜூபேட். ஏழு வகைப் பிராணிகள் மாறி மாறி வந்திருந்தால் அதே எட்டுச் சண்டை இவ்வளவு உறுத்தியிருக்காது. கீழ்த்தளங்களில் ஜூபேட்டின் பங்கு குறைகிறது, ஆனால் அதற்குள் ஆட்டக்காரருக்குப் பொறுமை போயிருக்கும்.

இதோடு கடைகளின் அமைப்பு வேறு. காட்டுப் போக்கிமான் வராமல் தடுக்கும் ரிபெல் 350 விலை, 100 அடி தாங்கும். குகைக்கு முந்தைய ஊரான பியூட்டர் சிட்டியின் கடையில் ரெட், ப்ளூவில் அது விற்பனைக்கே இல்லை. போக்கிமானைப் பிடிக்கும் பந்தான போக்கே பால், போஷன், எஸ்கேப் ரோப், மருந்துகள் இருக்கும், ரிபெல் இருக்காது. அது முதலில் கிடைப்பது குகையைத் தாண்டி வந்த பிறகு, செருலியனில். தேவை முடிந்த இடத்தில் கடை. தெரிந்தே செய்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ரிபெல் கையில் இருக்கும் மற்றக் குகைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது எல்லாவற்றையும் தடுப்பதில்லை. பார்ட்டியில், அதாவது நாம் கூடவே கொண்டுபோகும் போக்கிமான் வரிசையில், முதலில் இருக்கும் போக்கிமானின் லெவலைவிடக் குறைந்த லெவல் உள்ளவற்றை மட்டுமே தடுக்கும். முதல் தலைமுறையில் சம லெவல் என்றால் வந்துவிடும். ரிபெல் அடித்தும் வௌவால் வருகிறதே என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகப் பிடித்த சின்னதை முதலிடத்தில் வைத்திருப்பார்கள். பலமானதை முன்னால் நகர்த்தினால் போதும். சூப்பர் ரிபெல் 500-க்கு 200 அடி, மேக்ஸ் ரிபெல் 700-க்கு 250 அடி. ஓர் அடிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சூப்பர் ரிபெல்தான் லாபம்.

ரிபெல் இல்லாத மவுண்ட் மூனில் செய்யக்கூடியது தப்பி ஓடுவது. ஓட்டத்துக்கும் கணக்கு உண்டு. உங்கள் போக்கிமானின் வேகம் எதிரியின் வேகத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஓட்டம் நிச்சயம். குறைவாக இருந்தால் உங்கள் வேகத்தை 32-ஆல் பெருக்கி, எதிரியின் வேகத்தில் கால் பங்கால் வகுத்து, அந்த எண் 256-இல் எத்தனை என்று கேம் பகடை உருட்டும். முதல் முயற்சி தோற்றால் அடுத்தடுத்த முயற்சிக்கு 30, 30 ஆகக் கூட்டும். ஜூபேட்டின் அடிப்படை வேகம் 55. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் மூன்றில் ஸ்க்வர்ட்டிலுக்கு 43, பல்பசாருக்கு 45, சார்மாண்டருக்கு 65. லெவல் 12 ஸ்க்வர்ட்டில் ஒன்றும் லெவல் 11 ஜூபேட் ஒன்றும் நடுத்தரமானவை என்று வைத்துக்கொண்டால் வேகம் 17-க்கு 18 என்று வரும். ஒரே ஒரு புள்ளிதான் குறைவு, ஆனாலும் முதல் முயற்சியில் தப்புவதற்கு வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்தான். ‘தப்ப முடியவில்லை’ என்று வந்தால் அந்தச் சுற்று வௌவாலுக்கு இலவசம்.

இதற்கு மலிவான மருந்து ரட்டாட்டா. ரூட் 1-லேயே கிடைக்கும், வேகம் 72. லெவல் 10 வரை ஏற்றி முதலிடத்தில் வைத்தால் முதல் தளத்தில் வரும் எந்த ஜூபேட்டையும் அநேகமாக ஒரே முயற்சியில் உதறிவிட்டுப் போகலாம். விரிடியன் காட்டில் பிக்காச்சு சிக்கியிருந்தால் இன்னும் நல்லது. அதற்கு வேகம் 90, மின்சாரத் தாக்குதலும் வௌவாலுக்கு இரட்டிப்பாக உறைக்கும்.

அடுத்த புகார் குழப்பம். ‘சூப்பர்சானிக் போட்டுக் கொல்லுதுப்பா’ என்று கேட்டிருப்பீர்கள். ரெட், ப்ளூவில் ஜூபேட் லெவல் 10-இல்தான் சூப்பர்சானிக் கற்கிறது. முதல் தளத்தில் லெவல் 10, 11 ஜூபேட்கள் வருவது 100 சண்டையில் 14. மற்றவற்றிடம் இருப்பது லீச் லைஃப் ஒன்றே, அதன் வலிமை வெறும் 20. சூப்பர்சானிக்கும் 55 சதவீதம்தான் படும். ஆனால் பட்டுவிட்டால் அந்தக் கால விதிப்படி பாதிக்குப் பாதி நேரம் நம் போக்கிமான் தன்னையே அடித்துக்கொள்ளும். பிற்காலத்தில், ஏழாம் தலைமுறையில், இதை மூன்றில் ஒன்றாகக் குறைத்தார்கள். குழம்பிய நிலையில் தாக்குதலைத் தேர்ந்தெடுத்து அழுத்திக்கொண்டே இருப்பதுதான் பலர் செய்கிற தவறு. குழப்பம் ஓட்டத்தைத் தடுக்காது. வேகம் இருந்தால் ஓடுங்கள். ஓட முடியாதென்றால் வேறு போக்கிமானை மாற்றுங்கள், உள்ளே போனவுடன் குழப்பம் தெளிந்துவிடும்.

பிடிக்க நினைப்பவர்களுக்கு ஜூபேட் சுலபம். பிடிபடும் எண் 255, அதுதான் உச்சம். ஆனாலும் முதல் தலைமுறையில் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) முழுதாக இருக்கும்போது சாதாரணப் போக்கே பால் போட்டால் மூன்றில் ஒரு முறைதான் நிற்கும், ஏனென்றால் இரண்டாவது சோதனை ஹெச்பியைப் பார்க்கிறது. பாதி ஹெச்பிக்கு மூன்றில் இரண்டு. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் தப்பாது. பந்து வீணாகிறதென்றால் ஓர் அடி கொடுத்துவிட்டு வீசுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் ஒரு காலத்தியது. 2012-இல் வந்த ப்ளாக் 2, வைட் 2-இல் ரிபெல் தீர்ந்ததும் ‘இன்னொன்று போடவா’ என்று கேமே கேட்க ஆரம்பித்தது. 2018-இன் லெட்ஸ் கோ பதிப்புகளில் காட்டுப் போக்கிமான்கள் கண்ணெதிரே நடமாடின, வேண்டாததை ஒதுங்கிப் போகலாம். அதே மவுண்ட் மூன்தான், ஆனால் அங்கே ஜூபேட்டைத் திட்ட ஆளில்லை. இடையில் எக்ஸ், ஒய் பதிப்புகளில் ஒரு குகைக்கு ‘ஜூபேட் ரூஸ்ட்’ என்றே துணைப்பெயர் வைத்திருந்தார்கள். தயாரிப்பாளர்களுக்கும் குறும்பு உண்டு.

திட்டுவதை விட்டு வளர்க்க நினைத்தால் எந்தப் பதிப்பு என்பது முக்கியம். ரெட், ப்ளூவில் வளர்ப்பதில் பெரிய பயன் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜூபேட்டின் ஆறு அடிப்படைப் புள்ளிகளையும் பிற்காலக் கணக்கில் கூட்டினால் 245. லெவல் 22-இல் கோல்பேட் என்ற அடுத்த வடிவமாக உருமாறும்போது 455. நல்ல தாவல்தான், ஆனால் அதோடு பாதை முடிந்தது. விஷம், பறத்தல் என்று இரு வகை இருந்தும், விஷத் தாக்குதல் ஒன்றைக்கூடத் தானாகக் கற்காது. பறத்தல் வகையில் முதல் தாக்குதலான விங் அட்டாக் ஜூபேட்டுக்கு லெவல் 28-இல், கோல்பேட்டாகிவிட்டால் 32-இல் வரும். அப்போது அதன் வலிமையும் 35தான். சிறகு வைத்திருந்தும், நம்மைச் சுமந்து ஊருக்கு ஊர் பறக்கும் ஃப்ளை கற்க முடியாது. எனவே மவுண்ட் மூனில் பிடித்தவர்கள் சேமிப்புப் பெட்டியில் போட்டு மறந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

1999-இல் கோல்ட், சில்வர் வந்தபோது இது தலைகீழானது. கோல்பேட்டுக்கு மேல் க்ரோபேட் சேர்ந்தது. மொத்தம் 535 புள்ளி, வேகம் 130. மியூட்டூ, ஜோல்ட்டியான், ஏரோடாக்டில் இவற்றோடு சமம். கால்களும் இறக்கைகளாகி நான்கு சிறகு. நெடுந்தூரம் பறக்கும்போது ஒரு ஜோடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்ற ஜோடியால் பறக்கும் என்று அதன் குறிப்பு சொல்கிறது. ஃப்ளையும் கற்கும். ஆனால் இந்த மாற்றத்துக்கு லெவல் எண் கிடையாது, உருமாற்றக் கல்லும் கிடையாது. கோல்பேட் உங்கள் மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறது என்ற மறைவான எண், 220-ஐத் தொட்ட பிறகு ஒரு லெவல் ஏற வேண்டும். எல்லாரும் உதறித் தள்ளிய பிராணிக்குத்தான் இந்த விதியை வைத்தார்கள்!

எண்ணைப் பார்க்க முடியாது என்பதால் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. கோல்ட், சில்வரில் பிடித்தவுடன் பிரியம் 70. ஒவ்வொரு லெவல் ஏற்றத்துக்கும் 100-க்குக் கீழே 5, 199 வரை 3, அதற்கு மேல் 2 சேரும். பார்ட்டியில் வைத்துக்கொண்டு 512 அடி நடந்தால் 1. நடை மட்டுமே என்றால் மீதி 150 புள்ளிக்கு 76,800 அடி. லெவல் மட்டுமே என்றால்: யூனியன் குகையில் லெவல் 6-இல் பிடித்த ஜூபேட் 12-இல் 100-ஐத் தொடும், 22-இல் 130. அங்கிருந்து 46-இல் 202, 55-இல்தான் 220. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதால் உண்மையில் இடையில் எங்கோ முடியும். புரோட்டீன், கார்போஸ் போன்ற சத்து மருந்துகளும் அதே 5, 3, 2 வீதம் சேர்க்கும், ஆனால் ஒன்று 9,800 விலை. கோல்டன்ராட் சுரங்கத்தில் முடிவெட்டும் சகோதரர்கள் இருக்கிறார்கள், அண்ணனுக்கு 500, தம்பிக்கு 300. அண்ணன் செவ்வாய், வியாழன், சனி. தம்பி ஞாயிறு, புதன், வெள்ளி. ஒரு நாளைக்கு ஒரு முறைதான். தினமும் கொஞ்ச நேரம் விளையாடுகிறவர்களுக்கு இதுதான் செலவு குறைந்த வழி.

குறுக்கு வழியும் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. ரூட் 42-இல் கிடைக்கும் பச்சை ஏப்ரிகார்ன் காயை அசேலியா ஊரில் பந்து செய்யும் கர்ட்டிடம் கொடுத்தால் மறுநாள் ஃப்ரெண்ட் பால் செய்து தருவார். அந்தப் பந்தில் பிடித்த போக்கிமானுக்கு பிரியம் 70-இல் அல்ல, 200-இல் தொடங்கும். யூனியன் குகை அசேலியாவை ஒட்டியே இருக்கிறது. லெவல் 6 ஜூபேட்டை அதில் பிடித்து 22 வரை ஏற்றினால் 16 லெவலுக்கு 32 சேர்ந்து 232. 22-இல் கோல்பேட். அடுத்த லெவலிலேயே, 23-இல், க்ரோபேட். பிரியம் உருமாற்றத்தில் அழிவதில்லை என்பதால் ஜூபேட்டாக இருக்கும்போதே சேர்த்து வைப்பதில்தான் சூட்சுமம். கோல்பேட்டாகக் காட்டில் பிடித்தால் இப்படிச் சேர்த்து வைத்தது இருக்காது.

சேர்த்ததைக் கெடுப்பவையும் இருக்கின்றன. சண்டையில் மயங்கி விழுந்தால் 1 குறையும். ஜூபேட் மெலிந்த உடம்பு, அடிக்கடி விழும். கசப்பு மருந்துகள் மலிவு என்று வாங்கிக் கொடுத்தால் விலை வேறு விதத்தில் போகும்: எனர்ஜி பவுடருக்கு 5, எனர்ஜி ரூட்டுக்கு 10, ரிவைவல் ஹெர்புக்கு 15 குறையும், பிரியம் 200-ஐத் தாண்டியிருந்தால் இவை 10, 15, 20. நண்பரிடம் டிரேடில் கொடுத்து வாங்கினால் சேர்த்ததெல்லாம் போய்ப் பழைய தொடக்க எண்ணுக்கே திரும்பும். கோல்டன்ராடில் ஒரு பெண்மணி பிரியத்தை ஜாடையாகச் சொல்வார். உங்களை நன்றாக நம்புகிறது என்ற பொருளில் அவர் பேசினால் எண் 200-க்கும் 249-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 220 அதற்குள் ஒளிந்திருப்பதால் ‘நம்புகிறது என்கிறாரே, ஏன் மாறவில்லை’ என்று குழம்ப வேண்டாம். இன்னும் சில லெவல் பொறுங்கள்.

ஃபயர்ரெட், லீஃப்க்ரீன் ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கண்ணி. பிரியம் 255 ஆனாலும் கோல்பேட் மாறாது. மாறத் தொடங்குவதுபோல் காட்டிவிட்டு நின்றுவிடும். கேட்ரிட்ஜ் கெட்டுப்போனதென்று நினைப்பவர்கள் உண்டு. அதில் கதை நடக்கும் கான்டோ பகுதிக்கு வெளியே உள்ள இனங்களாக உருமாற, எல்லாப் பகுதி இனங்களையும் பதியும் நேஷனல் டெக்ஸ் பட்டியல் வேண்டும். இறுதிப் போட்டியின் எலீட் ஃபோர் என்ற நால்வரை வென்று, 60 இனங்களைப் பிடித்து வைத்திருந்தால் ஓக் பேராசிரியர் தருவார். அதுவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புதிய பதிப்புகளில் எல்லாம் இலகு. எட்டாம் தலைமுறையிலிருந்து தொடக்க எண் 50 ஆகக் குறைந்தாலும் தேவைப்படும் எண் 160தான். சூத் பெல் என்ற மணியை மாட்டினால் சேர்வதெல்லாம் ஒன்றரை மடங்கு. ஸ்வோர்ட், ஷீல்டில் முதலில் ஜூபேட்டே இல்லை, 2020-இல் க்ரவுன் டண்ட்ரா விரிவாக்கத்தோடுதான் வந்தது.

பிரியத்தால் மட்டுமே வரும் க்ரோபேட்டைக் கதைக்குள் யார் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கோல்ட், சில்வரின் எதிராளிப் பையன் போக்கிமானைக் கருவியாக நடத்துபவன். விக்டரி ரோடு வரைக்கும் அவனிடம் இருப்பது கோல்பேட். மனம் மாறிய பிறகு இண்டிகோ பீடபூமியில் சந்திக்கும்போதுதான் அது க்ரோபேட். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, பார்ட்டியைக் கவனித்தவருக்கு மட்டும் புரியும். டைமண்ட், பேர்லில் உணர்ச்சிகளே வேண்டாம் என்று உலகத்தை மாற்றக் கிளம்பும் சைரஸிடமும் கோல்பேட் பின்னாளில் க்ரோபேட் ஆகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ரசிகர்கள் வாதாடி ஓயவில்லை. அந்த மனிதரின் பேச்சைவிட அவருடைய வௌவாலைத்தான் நம்பத் தோன்றுகிறது.

வளர்க்கும்போது நடுவில் ஒரு வறண்ட காலம் உண்டு. லெவல் 15 வரை ஜூபேட் தனியாக எதையும் வீழ்த்தாது. முதலிடத்தில் வைத்து, முதல் சுற்றிலேயே பலமான ஒன்றுக்கு மாற்றி, அனுபவப் புள்ளியைப் பங்கிட வைப்பதே பழைய முறை. சண்டையில் இறங்காமலே அனுபவப் புள்ளி தரும் எக்ஸ்ப் ஷேர் இருந்தால் அதுவும் வேண்டாம். டைமண்ட், பேர்லில் 13-இல் பைட், 17-இல் விங் அட்டாக் வந்துவிடும், வலிமையும் 60. அங்கே பைட்டை நம்பலாம். ரூபி, சபையரில் நம்ப வேண்டாம். மூன்றாம் தலைமுறை வரை, பைட் சேர்ந்த இருள் வகை முழுக்கவும் ஸ்பெஷல் (உடலால் மோதாத தாக்குதல்) கணக்கில் சேரும், ஜூபேட்டின் ஸ்பெஷல் அட்டாக் 30. நான்காம் தலைமுறையில்தான் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தனித்தனியாக ஃபிசிக்கல், ஸ்பெஷல் என்று பிரித்தார்கள்.

க்ரோபேட் கைக்கு வந்தபின் ப்ரேவ் பேர்ட் என்ற பறத்தல் வகைத் தாக்குதல் இல்லாமல் விடாதீர்கள். வலிமை 120, கொடுத்த சேதத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப நம்மேல் விழும். நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் அது முட்டை வழியாக மட்டுமே வரும்: ப்ரேவ் பேர்ட் தெரிந்த ஆண் ஸ்டாராப்டரையும் பெண் கோல்பேட்டையும் வளர்ப்பு நிலையமான டே கேரில் விட்டால் குஞ்சு ஜூபேட் அதோடு பிறக்கும். ஜாலி இயல்பு பொருந்தும், வேகம் கூடி, பயன்படாத ஸ்பெஷல் அட்டாக் குறையும். திறன் இன்ஃபில்ட்ரேட்டராக இருந்தால் எதிரியின் தடுப்புகளான ரிஃப்ளெக்டையும், ஆறாம் தலைமுறையிலிருந்து சப்ஸ்டிட்யூட்டையும் தாண்டி அடிக்கும். கூடவே அடித்துவிட்டு இடம் மாறும் யூ-டர்ன், எதிரியைத் தாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யவிடாத டாண்ட், ஹெச்பி மீட்கும் ரூஸ்ட். அட்டாக் 90தான் என்பதால் தடித்த எதிரிகளை ஒரே அடியில் சாய்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முந்திக்கொண்டு டாண்ட் போட்டு எதிரியின் ஏற்பாட்டைக் கெடுத்துவிட்டு யூ-டர்னில் வெளியேறுவதுதான் இதன் வேலை. புல், பூச்சி, சண்டை வகைகள் கால் பங்குதான் படும், தரை வகை படவே படாது. பாறை, பனி, மின்சாரம், சைக்கிக் நான்கும் இரட்டிப்பு. எதிரி ஸ்டெல்த் ராக் என்ற கூர்க்கற்களை விரித்திருந்தால் களத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கால் பங்கு ஹெச்பி போய்விடும். யூ-டர்ன் அடித்து உள்ளே வெளியே போகிற பிராணிக்கு அது தாங்காது. எட்டாம் தலைமுறையில் அந்தச் சேதத்தைத் தடுக்கும் ஹெவி-டியூட்டி பூட்ஸ் மாட்டிவிடலாம். அதற்கு முந்தைய பதிப்புகளில் கற்களை அகற்றும் ரேபிட் ஸ்பின்னுக்குப் பார்ட்டியில் ஒரு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் க்ரோபேட்டைச் சேர்க்க வேண்டும்.